கொல்லிப்பாவை: ஒரு பேர், பல வேலை

கொல்லிமலைன்னா நமக்கு 70 கொண்டை ஊசி வளைவும் ஆகாய கங்கையும்தான். சங்கப் புலவர்களுக்கு அந்த மலைன்னா கொல்லிப்பாவை. குறுந்தொகை 100-வது பாட்டில் கபிலர், வல்வில் ஓரியின் கொல்லிமலையில் மேற்குப் பக்கம் தெய்வம் செய்த பாவையைக் காட்டி, 'என் காதலி அப்படி'ன்னு தலைவனைச் சொல்ல வைக்கிறார். பரணருக்கு அதே பாவை வேற வேலைக்கு உதவுது. நற்றிணை 201-ல், காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே நடுங்கினாலும் உருக்குலையாத பாவை அது. தலைவன் நெஞ்சை விட்டுப் போகாத காதலிக்கு உவமை. (சிவில் நண்பர்கள் கவனிக்க!)

சிரிச்சு மயக்கி ஆளைக் கொல்ற எந்திரப் பொம்மைங்கிற கதையையும் கேட்டிருப்பீங்க. இந்த ரெண்டு பாட்டிலும் அவள் யாரையும் கொல்லலை. 'கொல்லி'ங்கிற பேரே அந்தக் கதையைக் கிளப்பியிருக்கும்னு எனக்குத் தோணுது.

இன்னைக்கு மலையில எட்டுக்கை அம்மனைக் கொல்லிப்பாவைன்னும் கும்பிடுறாங்க. 1970களில் கவிஞர் ராஜமார்த்தாண்டன் தன் சிற்றிதழுக்கு வெச்ச பேரும் இதேதான். மலைக்குக் கீழே, நாமக்கல் பக்கம் 'பாவை'ன்னு ஒரு பொறியியல் கல்லூரியே இருக்கு.

கண்மணிக்கும் பாவைன்னு பேர் உண்டு. பக்கத்துல இருக்கிறவங்க கண்ணை உத்துப் பாருங்க, உங்க உருவமே குட்டிப் பொம்மையா அதுல தெரியும். ஆங்கிலத்துல சொல்ற 'ப்யூபில்'கூட, லத்தீன்ல பொம்மையைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்ததுதான்.