பவுனை நிறுத்து அணுவை எண்ணுதல்

நகைக்கடைத் தராசில் வைத்த ஒரு பவுன் நகை 8 கிராம் எடை காட்டுகிறது. அந்த 8 கிராமுக்குள் எத்தனை தங்க அணுக்கள் உள்ளன என்று வினவினால் நம்மில் பலர் திகைப்போம். கண்ணுக்குப் புலப்படாத ஒன்றை எங்ஙனம் எண்ணுவது? இவ்வினாவிற்கு வேதியியல் தரும் விடையே 'மோல்' என்னும் கருத்தாகும். இக்கணக்கை வெறும் வாய்பாடாக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் மாணவர் பலர். எங்கே பெருக்குவது, எங்கே வகுப்பது என்னும் ஐயம் கல்லூரி வரையிலும் அவர்களைத் தொடர்வதுண்டு. வாய்பாட்டின் பின்னே நிற்கும் பொருளை உணர்ந்துகொண்டால் அவ்வையத்திற்கு இடமே இல்லை.

நிறுத்தலே எண்ணுதல்

ஒரே வகை நாணயங்கள் நிறைந்த பை ஒன்று நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. ஒரு நாணயத்தின் எடையால் அனைத்து நாணயங்களின் மொத்த எடையை வகுத்தால் எண்ணிக்கை கிடைத்துவிடும். அணுக்களை எண்ணும் முறையும் இதுவே. ஆயின், ஒரு தங்க அணுவின் நிறை ஏறத்தாழ 3.27 × 10⁻²² கிராம். இத்துணைச் சிறிய எண்ணை வைத்துக்கொண்டு நாள்தோறும் கணக்கிடுவது தொல்லை தரும். எனவே வெற்றிலையைக் கவுளியாகவும், முட்டையை டசனாகவும், தாளை ரீமாகவும் கட்டி எண்ணுவதுபோல், அணுக்களைக் கட்டி எண்ண வேதியியலார் வகுத்துக்கொண்ட பெருங்கட்டே மோல். ஒரு மோலில் 6.022 × 10²³ துகள்கள் உண்டு. இதுவே அவகாட்ரோ எண்.

ஒரு டசன் எலுமிச்சையும் ஒரு டசன் தேங்காயும் எண்ணிக்கையில் ஒன்றே, எடையில் வேறு. அதுபோலவே ஒரு மோல் கார்பன் 12.01 கிராம், அலுமினியம் 26.98 கிராம், இரும்பு 55.85 கிராம், தங்கம் 196.97 கிராம். ஒரு தனிமத்தின் அணு நிறையைக் கிராமில் எடுத்தால் அது ஒரு மோல் ஆகிவிடும் என்பதே இதன் தனிச்சிறப்பு.

கருத்து வளர்ந்த வரலாறு

ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையுள்ள மூலக்கூறுகள் இருக்கும் என்று இத்தாலிய அறிஞர் அவகாட்ரோ 1811-ஆம் ஆண்டில் கூறினார். அறிவுலகம் அதனை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. அவர் 1856-இல் மறைந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய வேதியியல் மாநாட்டில் அவருடைய நாட்டவரான கானிசாரோ அக்கருத்தை எடுத்துரைத்தார். அதன் பின்னரே அணு நிறைகள் ஒழுங்குபட்டன.

மோல் என்னும் சொல்லை 1890-களில் வழக்கிற்குக் கொணர்ந்தவர் ஆஸ்ட்வால்ட். வியப்பு யாதெனில், அணு என ஒன்று உண்மையில் உண்டு என்பதை அவரே நெடுநாள் ஏற்கவில்லை. பெரின் என்னும் பிரெஞ்சு அறிஞர், நீரில் மிதக்கும் நுண்துகள்களின் இயக்கத்தை ஆராய்ந்து இவ்வெண்ணைக் கணக்கிட்டு, 1909-இல் அதற்கு அவகாட்ரோவின் பெயரைச் சூட்டினார். இத்தகைய சான்றுகள் கண்டு ஆஸ்ட்வால்டும் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். பெரின் 1926-இல் நோபல் பரிசு பெற்றார். 2019 மே 20 முதல், ஒரு மோல் என்பது மிகச் சரியாக 6.02214076 × 10²³ துகள்கள் என்று உலக அளவில் வரையறுக்கப்பட்டுள்ளது.

பவுனுக்குள் எத்தனை அணுக்கள்?

இனி நம் பவுனுக்கு வருவோம். 22 காரட் நகையில் 24 பங்கில் 22 பங்கே தங்கம். ஆகவே 8 கிராமில் உள்ள தங்கம் 7.33 கிராம். இதனைத் தங்கத்தின் அணு நிறையாகிய 196.97-ஆல் வகுக்க, 0.0372 மோல் கிடைக்கிறது. கட்டுகளின் எண்ணிக்கை தெரிந்துவிட்டது. ஒரு கட்டில் உள்ள எண்ணிக்கையாகிய 6.022 × 10²³-ஆல் பெருக்க, ஏறத்தாழ 2.24 × 10²² அணுக்கள். கிராமிலிருந்து மோலுக்குச் செல்ல வகுத்தல்; மோலிலிருந்து அணுவுக்குச் செல்லப் பெருக்கல். நினைவிற்கொள்ள வேண்டியது இவ்வளவே.

நொடிக்கு ஓர் அணுவாக இவற்றை எண்ணத் தொடங்கினால், எண்ணி முடிக்க ஏழு கோடி கோடி ஆண்டுகள் ஆகும். பேரண்டத்தின் வயதோ 1,380 கோடி ஆண்டுகளே!

இக்கணக்கு எதற்கு?

அணுக்கள் எடை பார்த்துக் கூடுவதில்லை. எண்ணிக்கை பார்த்தே கூடுகின்றன. இரும்பும் கந்தகமும் சேர்ந்து இரும்பு சல்பைடு ஆகும்போது, ஓர் இரும்பு அணுவுக்கு ஒரு கந்தக அணு தேவை. இரண்டிலும் 50 கிராம் எடுத்தால் சரியாகப் போய்விடும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் 50 கிராம் இரும்பு 0.895 மோல், 50 கிராம் கந்தகம் 1.56 மோல். இரும்பு முற்றும் தீர்ந்த பின்னும் 0.664 மோல், அதாவது 21.3 கிராம் கந்தகம் வினைபுரியாமல் எஞ்சி நிற்கும். ஆய்வுக்கூடத்தில் இது சிறு இழப்பு. உரத் தொழிற்சாலையிலோ மருந்துத் தொழிற்சாலையிலோ இதே பிழை நேர்ந்தால் பொருள் வீணாகும்; மருந்தின் தூய்மையும் கெடும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. ஹைட்ரஜன், ஆக்சிஜன் போன்ற வாயுக்களில் அணுக்கள் இரண்டிரண்டாக இணைந்தே உள்ளன. ஏறத்தாழ 2 கிராம் ஹைட்ரஜன் ஒரு மோல் மூலக்கூறுகள். அணுக்களாக எண்ணினால் இரண்டு மோல். ஆகவே, 'எத்தனை மோல்' என்று கேட்கும்முன் 'எதனுடைய மோல்' என்று கேட்டுக்கொள்ளுதல் நன்று. மாணவர் செய்யும் பிழைகள் பல இவ்வொரு கேள்வியைக் கேளாததால் நேர்பவையே.

அணு என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. மிக நுண்ணிய பொருளைக் குறிக்க நம் முன்னோர் அச்சொல்லை ஆண்டனர். அந்நுண்மையை இன்று ஒரு சிறு தராசும், ஒரு வகுத்தலும், ஒரு பெருக்கலும் கொண்டு நம்மால் எண்ணிவிட முடிகிறது. அளந்து அறிதலே அறிவியல். அளப்பது எதனை என்று தெளிந்து அளத்தலே கல்வி.