பழைய படைத்துறை ரைபிள் சேகரிப்பு

பழைய படைத்துறை ரைபிள் சேகரிப்பு என்பது, படைகளின் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டுப் பொதுமக்களுக்கு விற்கப்பட்ட ரைபிள் துப்பாக்கிகளை வாங்கிச் சேர்த்து, அவற்றின் வரலாற்றை ஆராய்ந்து, சுட்டும் பார்க்கும் ஒரு பொழுதுபோக்கு ஆகும். குழலின் உட்புறத்தில் சுருளாக வெட்டப்பட்ட வரிகளால் குண்டைச் சுழலச் செய்து நேராகச் செலுத்தும் துப்பாக்கியே ரைபிள் எனப்படும். இச்சேகரிப்பு ஐக்கிய அமெரிக்காவில் மிகவும் பரவலாக உள்ளதால், இக்கட்டுரை பெரும்பாலும் அந்நாட்டைப் பற்றியே பேசுகிறது.

அஞ்சல்தலை, நாணயம் ஆகியவற்றின் சேகரிப்போடு இதற்கு ஒற்றுமை உண்டு. ஒரே மாதிரி ரைபிளைப் பல தொழிற்சாலைகள், பல ஆண்டுகள், சிறுசிறு மாற்றங்களோடு செய்துள்ளன. எனவே முதல் ரைபிளை வாங்கியவர் அடுத்த ஆண்டின் ரைபிளையும், வேறு தொழிற்சாலையின் ரைபிளையும் தேடத் தொடங்குகிறார். வேற்றுமை ஒன்று உண்டு. இங்கே சேகரிக்கப்படும் பொருள் இன்றும் இயங்குவது. மனிதரைக் கொல்வதற்கென்றே செய்யப்பட்டது.

உபரி எவ்வாறு உருவாகிறது

ஒரு நாட்டின் படை புதிய துப்பாக்கிக்கு மாறும்போது பழையவை இலட்சக்கணக்கில் மிஞ்சுகின்றன. அவற்றை உருக்கலாம், கிடங்கில் வைக்கலாம், நட்பு நாடுகளுக்குக் கொடுக்கலாம், அல்லது எடைக்கு எடை வணிகரிடம் விற்கலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பியப் படைகள் தானியங்கித் துப்பாக்கிகளுக்கு மாறியதால், கையால் இயக்கும் ரைபிள்கள் பெருமளவில் சந்தைக்கு வந்தன. 1953இல் இண்டர்ஆர்ம்கோ என்னும் நிறுவனத்தைத் தொடங்கிய சாமுவேல் கம்மிங்ஸ் இவ்வணிகத்தில் புகழ்பெற்றவர். வர்ஜீனியாவின் அலெக்சாண்டிரியா நகரில், போடோமாக் ஆற்றங்கரையில் அவருடைய கிடங்குகள் இருந்தன.

அக்காலத்தில் இவை சேகரிப்புப் பொருட்களாகக் கருதப்படவில்லை. மலிவான வேட்டைத் துப்பாக்கிகளாகவே கருதப்பட்டன. வாங்கியவர்கள் மரக்கட்டையை அறுத்துக் குறைத்தனர், குழலை வெட்டினர், தொலைநோக்கி பொருத்தத் துளையிட்டனர். இன்றைய சேகரிப்பாளர் வெட்டப்படாத ஒன்றைத் தேடி அலைவதற்கு 1950களின் அறுவாள்களே காரணம்.

அஞ்சலில் வந்த துப்பாக்கி

1963 மார்ச்சில் லீ ஹார்வி ஆசுவால்டு, ஏ. இடெல் என்னும் பொய்ப்பெயரில், சிக்காகோவிலிருந்த ஒரு விற்பனையகத்துக்கு அஞ்சல் வழியாகப் பணம் அனுப்பி ஓர் இத்தாலியப் படைத்துறை ரைபிளை வாங்கினார். அது 6.5 மி.மீ கார்கானோ வகை. தொலைநோக்கியோடு விலை 19.95 டாலர், அஞ்சல் செலவு தனி. அதே ஆண்டு நவம்பர் 22 அன்று டல்லாசு நகரில் குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டபோது பயன்பட்டது அந்த ரைபிளே என வாரன் ஆணையம் முடிவு செய்தது.

மலிவு உபரிகளின் இறக்குமதியை உள்நாட்டுத் துப்பாக்கி உற்பத்தியாளர்களும் விரும்பவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. எனினும் சட்டம் வர ஐந்து ஆண்டுகள் ஆயின. 1968இல் மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி ஆகியோரும் கொல்லப்பட்ட பின்னர், அவ்வாண்டு அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. அது அஞ்சல்வழி விற்பனையை நிறுத்தியது. படைத்துறை உபரிகளின் இறக்குமதியையும் தடுத்தது. 1984ஆம் ஆண்டின் திருத்தமே பழம்பொருள் எனத் தகுதிபெற்ற ரைபிள்களுக்கு மீண்டும் வழிவிட்டது.

பொதுவாக 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, முதல் வடிவம் மாறாத துப்பாக்கி இத்தகுதியைப் பெறும். சேகரிப்பாளர் 30 டாலர் செலுத்தி மூன்று ஆண்டுகளுக்கு ஓர் உரிமம் பெற்றால், வேறு மாநிலத்திலிருந்தும் அத்தகைய துப்பாக்கிகளை நேரடியாக வீட்டுக்கு வரவழைக்க முடியும். ஆனால் வந்தது, விற்றது அனைத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும், வணிகம் செய்யக்கூடாது.

1898ஆம் ஆண்டு முடிவதற்குள் செய்யப்பட்ட துப்பாக்கிகளை நடுவண் சட்டம் தொல்பொருளாகக் கருதுகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சட்டம் குழலைப் பார்ப்பதில்லை. தோட்டாவைப் பூட்டும் உடற்பகுதியின் வயதையே பார்க்கிறது. பின்லாந்து தன் ரைபிள்களுக்குப் புதுக்குழல் செய்தபோதும், பழைய உருசிய உடற்பகுதிகளையே பயன்படுத்தியது. ஆகவே 1942இல் குழல் பொருத்தப்பட்ட ரைபிளின் உடற்பகுதியில் 1896 எனப் பொறித்திருந்தால், அது சட்டத்தின் கண்ணில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொருளாகும்.

மோசின்–நாகன்

பலரை இப்பொழுதுபோக்குக்குள் இழுத்துவந்த ரைபிள் உருசியாவின் மோசின்–நாகன் எனலாம். செர்கெய் மோசின் என்னும் உருசியப் படை அலுவலரின் வடிவமைப்பையும், பெல்ஜியத்தின் லெயோன் நாகனின் சில கூறுகளையும் இணைத்து 1891இல் இது ஏற்கப்பட்டது. ஐந்து தோட்டாக்கள் கொள்ளும். எடை ஏறத்தாழ 4 கி.கி. சாரிஸ்டுப் படை, செம்படை, பின்லாந்துப் படை எனப் பல கைகளில் இருந்த இந்த ரைபிள் மூன்று கோடிக்கும் மேல் செய்யப்பட்டது. முதல் உலகப் போரில் உருசியாவின் தேவைக்காக அமெரிக்காவின் ரெமிங்டன், வெசுடிங்அவுசு நிறுவனங்களும் இதைச் செய்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் படைக்கலச் சாலைகள் இவற்றைப் பிரித்து, பழுது நீக்கி, மரத்துக்கு அரக்கு வார்னிஷ் பூசி, காசுமோலின் என்னும் மெழுகு போன்ற துருத்தடுப்புப் பசையில் முக்கிக் கிடங்குகளில் அடுக்கின. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அக்கிடங்குகள் திறந்தன. 2000களில் அமெரிக்கக் கடைகளில் ஒரு மோசின்–நாகனை 100 டாலருக்கும் குறைவாக வாங்க முடிந்தது. தோட்டாக்களோ 440 கொண்ட மூடிய தகரப் பெட்டிகளில், திறப்பதற்கான கருவியோடு மலிவாகக் கிடைத்தன. வரம்பற்றது போலத் தோன்றிய இவ்விருப்பு தீர்ந்தது. 2014இன் பொருளாதாரத் தடைகளும், உருசியத் தோட்டாக்களின் இறக்குமதிக்கு எதிராக 2021இல் வந்த தடையும் வரத்தை மேலும் குறைத்தன. 2020களில் அதே ரைபிள் பல நூறு டாலருக்கு விற்கப்படுகிறது.

குறிகளை வாசித்தல்

சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது எஃகில் பொறித்த குறிகளை. விண்மீனுக்குள் அம்பு இருந்தால் துலா தொழிற்சாலை. முக்கோணத்துக்குள் அம்பு இருந்தால் இசெவ்சுக் தொழிற்சாலை. உடற்பகுதியின் மேற்புறம் பட்டைகளாக இருந்தால் 1930களின் நடுப்பகுதிக்கு முந்தையது. உருண்டையாக இருந்தால் பிந்தையது. தொலைவுக் குறிகாட்டி அர்ஷின் என்னும் பழைய உருசிய அளவில் (ஓர் அர்ஷின் ஏறத்தாழ 71 செ.மீ) இருப்பின் அது 1891 மாதிரிக்கு உரியது. 1930ஆம் ஆண்டு மாதிரியில் மீட்டர் அளவு வந்தது. 1942, 1943 ஆண்டுகளின் ரைபிள்களில் கடைசல் எந்திரத்தின் தடங்கள் அப்படியே தெரியும். ஜெர்மானியப் படை முன்னேறிக்கொண்டிருந்தபோது மெருகிட நேரமில்லை என்பதை அந்தக் கரடுமுரடு சொல்கிறது.

கட்டத்துக்குள் எஸ், ஏ என்னும் இரு எழுத்துகள் பின்லாந்துப் படையின் உடைமை எனக் குறிக்கும். இக்குறி உள்ள ரைபிள்களில் பல, உருசியாவில் பிறந்து, பின்லாந்தின் கைக்கு வந்து, உருசியாவுக்கு எதிராகவே சுட்டவை.

சுவிட்சர்லாந்தின் கே31 ரைபிளில் வாசிக்க வேண்டியது வேறிடத்தில் உள்ளது. அடிக்கட்டையின் இரும்புத் தகட்டைக் கழற்றினால், உள்ளே சில வேளைகளில் ஒரு சிறு சீட்டு இருக்கும். அதை வைத்திருந்த வீரரின் பெயரும் படைப்பிரிவும் அதில் இருக்கும். சுவிசு வீரர்கள் ரைபிளைத் தம் வீட்டிலேயே வைத்திருந்தவர்கள். அச்சீட்டிலுள்ள பெயருக்குக் கடிதம் எழுதிப் பதில் பெற்ற சேகரிப்பாளர்களும் உண்டு.

குறிகள் பொய்யும் சொல்லும். கிடங்கில் நூற்றுக்கணக்கான ரைபிள்களை ஒரே நேரத்தில் பிரித்துச் சேர்த்தபோது, யாருடைய உறுப்பு யாருக்குப் போனது என்று எவரும் கவலைப்படவில்லை. பழைய எண்ணைத் தேய்த்துவிட்டு, புதிய எண்ணைப் பொறித்துப் பொருந்த வைத்தனர். செம்படை கைப்பற்றிய ஜெர்மானிய கே98 ரைபிள்களில் மின்முனையால் கிறுக்கிய எண்களைக் காணலாம். அவற்றின் நாஜிச் சின்னங்கள் சிலவற்றில் அடித்துச் சிதைக்கப்பட்டும், சிலவற்றில் அப்படியேயும் உள்ளன. சிதைக்கப்படாத சின்னத்துக்குக் கூடுதல் விலை கிடைப்பது இப்பொழுதுபோக்கின் சங்கடமான பக்கம் என்பதை மறைப்பதற்கில்லை.

1968க்குப் பின் வந்த துப்பாக்கிகளில் இறக்குமதியாளரின் பெயரும் பொறிக்கப்படும். அப்பொறிப்பு இல்லாத ஜெர்மானிய ரைபிளின் மரக்கட்டை குறுக்கே அறுத்து ஒட்டப்பட்டிருந்தால், போர் முடிந்து திரும்பிய அமெரிக்க வீரர் ஒருவர் தம் துணிப்பையில் அடக்குவதற்காக அறுத்திருக்கக்கூடும். வேறு இடத்தில் குறையாகக் கருதப்படும் வெட்டு இங்கே சான்றாகிறது.

சுடுதல்

பழைய ரைபிளைச் சுடுவதற்கு முன், துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்டித் தோட்டா அறையின் இடைவெளியை அளவுகோலால் சோதிப்பது இன்றியமையாதது. வேறொரு ரைபிளின் பூட்டுத்தண்டு மாட்டப்பட்டு இடைவெளி கூடியிருந்தால், தோட்டாவின் உறை கிழிந்து சூடான வளிமம் சுடுபவரின் முகத்தை நோக்கி வரலாம்.

அளவுகோல் கண்டுபிடிக்காத குறையும் உண்டு. அமெரிக்காவின் 1903 மாதிரி இசுபிரிங்ஃபீல்டு ரைபிளின் முதல் 10 இலட்சம் அளவிலான உடற்பகுதிகளில், சிலவற்றின் எஃகு நொறுங்கும் தன்மை கொண்டது. உலையில் காய்ச்சிய எஃகின் வெப்பத்தைத் தொழிலாளர் அதன் நிறத்தைக் கண்ணால் பார்த்தே மதிப்பிட்டனர். வெயில் நாளில் ஒரு நிறம், மேகமூட்ட நாளில் வேறு நிறம். எந்த உடற்பகுதி கெட்டது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஆகவே இசுபிரிங்ஃபீல்டில் 8,00,000க்கும், ராக் ஐலண்டில் 2,85,507க்கும் குறைந்த எண்ணுடையவற்றைச் சுட வேண்டாம் என்று, உபரி ரைபிள்களை விற்கும் குடிமக்கள் குறிபார்ப்புத் திட்டம் என்னும் அமெரிக்க அமைப்பே அறிவுறுத்துகிறது. நூறாண்டு ஒன்றும் ஆகாத துப்பாக்கி நாளையும் தாங்கும் என்பது இங்கே பொருந்தாத வாதம்.

உபரித் தோட்டாக்களில் வேறொரு சிக்கல். அவற்றில் பலவற்றின் தீமூட்டும் கலவையில் பொட்டாசியம் குளோரேட்டு உள்ளது. அது வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பாகக் குழலில் படிகிறது. கடல் உப்பைப் போலவே அது காற்றின் ஈரத்தை இழுத்து, ஈரப்பதம் மிகுந்த நாளில் ஓர் இரவிலேயே துருவைத் தோற்றுவிக்கும். புதியவர்கள் எண்ணெய் விட்டுத் துடைத்துவிட்டு அமைதியாக உறங்குகின்றனர். உப்பு எண்ணெயில் கரையாது; நீரில்தான் கரையும். முதலில் வெந்நீரை ஊற்றிக் கழுவி, நன்கு உலர்த்தி, அதன்பின்னரே எண்ணெய் இடவேண்டும். இரும்பைக் காக்க நீர் ஊற்றுவது முரணாகத் தோன்றினாலும் வேதியியல் அவ்வாறே உள்ளது.

1930 மாதிரி மோசின்–நாகன் முனைக்கத்தி (பழைய வழக்கில் துப்பாக்கிச் சனியன்) மாட்டிய நிலையில் குறிசரிசெய்யப்பட்டது. கத்தியைக் கழற்றிவிட்டுச் சுட்டால் குண்டு வேறிடத்தில் படும். தம் ரைபிளின் குறி தவறுகிறது என்று குறைபட்டுக்கொண்ட பலருக்கு உண்மையில் குறைந்தது அந்தக் கத்தியே. அடிக்கட்டைத் தகடு வெறும் இரும்பு. இருபது தோட்டாக்களுக்குப் பின் தோள் அதை நினைவுபடுத்தும்.

துடைப்பதும் அழிப்பதும்

சேகரிப்பாளர்களிடையே ஓயாத வழக்கு, ரைபிளை எவ்வளவு துடைக்கலாம் என்பது. காசுமோலினை நீக்குவதில் கருத்து வேறுபாடில்லை. கோடை வெயிலில் கருப்பு நெகிழிப் பைக்குள் வைத்தால் அது உருகி வழியும். தோட்டா அறையில் மிஞ்சியது சூட்டில் பிசினாகிப் பூட்டுத்தண்டைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் முழுமையாக நீக்கவும் வேண்டும்.

மரத்தை உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் பளபளப்பாக்குவது வேறு. அத்தேய்ப்பில் மரத்திலுள்ள ஆய்வாளர் முத்திரைகளும், பழுதுபார்த்த சாலையின் குறியும், யாரோ ஒருவர் கத்தியால் கீறிய எழுத்துகளும் போய்விடும். சோவியத் கிடங்குகள் தேவை கருதி ஒருமுறை அழித்தன. வாங்கியவர் அழகு கருதி மறுமுறை அழிக்கிறார். இரண்டில் பின்னதையே தவிர்க்க முடியும்.

இசாப்பூர் ரைபிள்கள்

இச்சேகரிப்பில் இந்தியாவுக்கும் இடமுண்டு. மேற்கு வங்கத்தின் இசாப்பூர் ரைபிள் தொழிற்சாலை பிரித்தானியரின் .303 லீ–என்ஃபீல்டு ரைபிளைச் செய்தது. ஆங்கிலேயர் காலத்தவற்றில் முடியும் மன்னரின் முதலெழுத்துகளும் இருக்கும். விடுதலைக்குப் பிந்தையவற்றில் அசோகச் சிங்கங்கள் இருக்கும். 1962ஆம் ஆண்டு சீனப் போருக்குப் பின், அதே வடிவமைப்பை 7.62 மி.மீ தோட்டாவுக்கு மாற்றி, வலுவான எஃகில் 2ஏ, 2ஏ1 என்னும் மாதிரிகளை இசாப்பூர் செய்தது. பின்னாளில் இவை அமெரிக்கச் சந்தைக்குச் சென்று மலிவு விலையில் விற்றன.

.303 ரைபிளை இந்தியக் காவல்துறையினர் நீண்டகாலம் சுமந்தனர். 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதலின்போதும் காவலர் சிலரின் கையில் அதுவே இருந்தது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020ஆம் ஆண்டுக் குடியரசு நாளில் அதற்கு விடைகொடுத்தது. இந்தியப் படைக்கலச் சட்டப்படி .303 தடைசெய்யப்பட்ட வகையில் அடங்குவதால், இசாப்பூரில் பிறந்த ரைபிளை விலைகொடுத்து வாங்கிச் சுட்டுப் பார்க்க விரும்பும் இந்தியர் ஒருவர் அதை இங்கே செய்ய முடியாது.