தும்பாவில் கழிந்த பொற்காலம்

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தில் வங்கிக் கிளைகளில் ஓர் இனிய காட்சியைக் காண்கிறோம். வாழ்நாள் சான்றிதழ் அளிக்க வரும் ஓய்வூதியர்கள், தங்கள் முறை வரும்வரை பழைய அலுவலகத்தையும் உடன் பணியாற்றியோரையும் பற்றிப் பேசி மகிழ்வார்கள். ‘அதுவல்லவா நல்ல காலம்!’ என்று ஒருவர் சொல்ல, அருகிலிருப்பவர் தலையசைப்பார். அந்த நல்ல காலம் உண்மையில் எத்தகையதாக இருந்தது? விடை தேடுவோருக்குத் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா ஒரு பாடம் சொல்கிறது.

புவிக் காந்த நடுக்கோட்டிற்கு அருகில் அமைந்த மீனவச் சிற்றூர் அது. விண்வெளி ஆய்வுக்காக அவ்வூர் மக்கள் தங்கள் வீடுகளையும் நிலத்தையும், வழிபட்டுவந்த புனித மகதலேனா மரியாள் தேவாலயத்தையும் விட்டுக்கொடுத்தனர். தேவாலயமே ஆய்வாளர்களின் முதல் பணிமனையாயிற்று. இராமேசுவரத்தில் பிறந்த ஏ.பி.ஜெ. அப்துல் கலாம் அங்குப் பணியில் சேர்ந்தபோது அவருக்கு வயது முப்பதைச் சற்றே கடந்திருந்தது.

1963 நவம்பர் 21 அன்று முதல் ஏவூர்தி புறப்படவிருந்த வேளையில், அதைத் தூக்கி நிறுத்த வேண்டிய பாரந்தூக்கியின் நீரியல் அமைப்பில் கசிவு ஏற்பட்டது. அங்கிருந்தோர் தங்கள் கைவலிமையாலேயே ஏவூர்தியை நிறுத்தினர். அன்று மாலை அது வானேறியது. அந்நாளைய தும்பாவில் ஏவூர்திப் பாகங்கள் மிதிவண்டியிலும் பயணம் செய்தன. நகரில் ஒரு விடுதி அறையே கலாமின் இருப்பிடம்.

இன்று இவற்றைக் கேட்கையில் நம் மனம் நெகிழ்கிறது. ஆனால் அந்த ஆண்டுகள் துயரம் அறியாதவை அல்ல. 1971 டிசம்பர் 30 அன்று, அவரை ஆளாக்கிய விக்ரம் சாராபாய் கோவளத்தில் காலமானார். அன்று தில்லியிலிருந்து வந்த கலாம், திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அவரைச் சந்திப்பதாக இருந்தது. வந்திறங்கியதும் கேட்டது அவரது மறைவுச் செய்தியையே. இக்காலத்திலேயே தம் வழிகாட்டியான மைத்துனர் ஜலாலுத்தீனையும், தந்தையையும், தாயையும் கலாம் இழந்தார்.

பல்லாண்டு உழைப்பில் உருவான எஸ்.எல்.வி-3 ஏவுகலம், 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிச் சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது. அன்று செய்தியாளர்களின் கேள்விகளைத் தாமே ஏற்றுக்கொண்டவர் தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று அதே ஏவுகலம் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோது, செய்தியாளர்முன் பேசும் பெருமையைக் கலாமுக்கு அளித்தார். தோல்வியைத் தலைவர் தாங்க, வெற்றியைக் குழு பெற்ற இந்நிகழ்ச்சியைக் கலாம் தம் வாழ்நாள் முழுவதும் மேடைதோறும் நன்றியுடன் எடுத்துரைத்தார்.

1982இல் அவர் ஐதராபாத்துக்குச் சென்றார். இருபதாண்டுகளுக்குப் பின் நாட்டின் குடியரசுத் தலைவராகத் திருவனந்தபுரம் வந்தபோது, தம் விருந்தினராக அவர் அழைத்தவர்களுள் இருவர், தெருவோரம் காலணி தைக்கும் தொழிலாளி ஒருவரும், முன்பு தாம் உணவருந்திய சிற்றுணவகத்தின் உரிமையாளரும் ஆவர். இளமைக் காலத்திலிருந்து அவர் போற்றிக் காத்த செல்வம் இத்தகைய மனிதர்களே.

நம் வாழ்க்கையையும் இவ்வாறு திரும்பிப் பார்ப்போம். நாம் பொற்காலம் என்று கொண்டாடும் ஆண்டுகளில் கையிருப்பு பெரும்பாலும் குறைவாகவே இருந்தது. மாதக் கடைசி நெருக்கடியும், மேலதிகாரியின் கண்டிப்பும், வீட்டுக் கவலையும் உடனிருந்தன. எனினும் செய்வதற்கு ஒரு பணியும், அதைப் பகிர்ந்துகொள்ள நாலு பேரும் இருந்தனர். அவையே அக்காலத்திற்குப் பொலிவு சேர்த்தன. வாழும்போது எந்த ஆண்டும் தன்னைப் பொற்காலம் என்று அறிவித்துக்கொண்டு வருவதில்லை.

ஆகவே, ஓய்வு பெற்ற அன்பர்கள் பழைய தோழர் ஒருவரை இந்த வாரமே தேடிச் செல்லலாம். பணியில் இருப்போர், இன்று அருகில் அமர்ந்து உழைப்பவரைச் சற்று அன்போடு நோக்கலாம். பின்னொரு நாள் நாம் ஏங்கி நினைக்கப்போகும் காலம் இதுவாகவே இருக்கக்கூடும்.