கூடிக் கற்பதற்கும் கணக்கு உண்டு



பயிற்சிக் கூட்டம் என்று சங்கத்திலிருந்து அழைப்பு வந்தால் நாம் தட்டுவதில்லை. கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறோம். வரவேற்புரை, பொன்னாடை, சிறப்புரை, தேநீர், நன்றியுரை எல்லாம் முறையாக நடக்கின்றன. 2006-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதும், 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் இப்படிக் கூடினோம். கூட்டம் சிறப்பாக நடந்தது, இத்தனை பேர் வந்தார்கள் என்று அறிக்கையும் எழுதினோம். மறுநாள் காலையில் கடையைத் திறந்தால் பழைய துவரம்பருப்பு மூட்டை அடியில், புது மூட்டை அதன் மேல், நேற்று இருந்தபடியே இருக்கிறது.

சர்க்கரை மூட்டையில் ஒரு கிலோ குறைந்தால் லாரிக்காரரை நிறுத்திக் கேள்வி கேட்கிறவர்கள் நாம். அரைநாள் வியாபாரத்தை விட்டுவிட்டுக் கற்றது என்ன, அதனால் கடையில் மாறியது என்ன என்று மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. வந்தவர்களின் எண்ணிக்கை கற்றதற்குக் கணக்காகாது. அது நாற்காலிக்கான கணக்கு.

பலர் கூடிக் கற்பதைத் திட்டமிடவும், பலனை அளந்து பார்க்கவும் நல்லதொரு முறை இருக்கிறது. அது பிறந்த இடம் நெல் வயல். அரிசி விற்கிற நாம் அதை அறிந்துகொள்வது பொருத்தம்தானே!

இந்தோனேசியா 1984-இல் அரிசியில் தன்னிறைவு கண்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே புகையான் பூச்சி வயல்களைக் காயவைக்கத் தொடங்கியது. மருந்துக்குப் பஞ்சமில்லை. விலையில் 80 சதவீதத்துக்கும் மேல் அரசே மானியமாகத் தந்துவந்ததால் உழவர்கள் தாராளமாக அடித்தார்கள். அடிக்க அடிக்கப் பூச்சி பெருகியது. காரணத்தை ஆராய்ச்சியாளர்கள் கண்டு சொன்னார்கள். புகையான் தன் முட்டைகளை நெல்லின் இலையுறைக்குள் இடுகிறது, அங்கே மருந்து எட்டுவதில்லை. வெளியே திரிந்து புகையானைத் தின்னும் சிலந்திகள்தாம் முதலில் சாகின்றன. காவலாளியைக் கொன்றுவிட்டுக் கதவைத் திறந்து வைத்த கதை! 1986 நவம்பரில் அரசு 57 மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக்கூடாது என்று தடுத்தது. 1989 தொடக்கத்துக்குள் மானியத்தையும் முழுதாக நிறுத்தியது.

ஆணை பிறப்பித்தாயிற்று. ஆனால் இலையில் ஓட்டை கண்டதும் தெளிப்பானைத் தேடும் கையை ஆணை நிறுத்திவிடுமா? ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையோடு 1989-இல் வயல்வெளிப் பள்ளிகளைத் தொடங்கினார்கள்.

ஒரு பள்ளிக்குச் சுமார் 25 உழவர்கள். வாரம் ஒரு காலை, நட்டதிலிருந்து அறுவடை வரை ஒரு பருவம் முழுவதும் கூடுவார்கள். மேடை கிடையாது. ஐந்தைந்து பேராகப் பிரிந்து சேற்றில் இறங்குவார்கள். குறிப்பிட்ட எண்ணிக்கைத் தூர்களைப் பார்த்து, பூச்சி எத்தனை, சிலந்தி எத்தனை, பயிரின் உயரம் என்ன, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று எண்ணிக் குறிப்பார்கள். கரையேறி, பெரிய தாளில் வண்ணக் குச்சியால் படம் போடுவார்கள். நடுவில் பயிர், ஒரு பக்கம் தீங்கு செய்யும் பூச்சி, மறுபக்கம் அவற்றைத் தின்பவை. இந்த வாரம் என்ன செய்யலாம் என்று முடிவெடுத்து மற்றக் குழுக்களின் முன் சொல்ல வேண்டும். மற்றவர்கள் குறுக்கே கேள்வி கேட்பார்கள்.

பயிற்சியாளரின் வேலைதான் இதில் விசேஷம். ஒருவர் பூச்சியைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால் அவர் உடனே பெயரைச் சொல்லிவிட மாட்டார். "எங்கே பிடித்தீர்கள்? அது என்ன செய்துகொண்டிருந்தது?" என்று திருப்பிக் கேட்பார். சந்தேகம் தீராவிட்டால் அந்தப் பூச்சியையும் புகையானையும் ஒரே கூண்டில் விட்டுப் பார்க்கச் சொல்வார். இலை சேதமானால் விளைச்சல் போய்விடும் என்ற அச்சத்துக்கும் இப்படியே மருந்து. இளம்பயிரின் இலைகளில் ஒரு பங்கைக் கத்தரிக்கோலால் தாங்களே வெட்டிவிட்டு, பயிர் தழைத்து வருவதைக் கண்ணால் பார்த்தார்கள். நூறு சொற்பொழிவு செய்யாததை அந்தக் கத்தரிக்கோல் செய்தது என்பது நம் எண்ணம்.

இனி அளக்கும் முறைக்கு வருவோம். தொடங்கும் நாளிலேயே ஒரு சோதனை. வயலில் ஆங்காங்கே பலகை நட்டு, உண்மைப் பூச்சி, உண்மை இலை இவற்றை வைத்து, கீழே ஒரு கேள்வியும் மூன்று பதில்களும். பதிலுக்கு ஒன்றாக மூன்று பெட்டிகள். தேர்தலில் வாக்குப் போடுவதுபோல் உழவர் தம் சீட்டைப் போட்டுவிட்டு நகர்வார். எழுதத் தெரியாதவரும் கலந்துகொள்ளலாம். பருவ முடிவில் மீண்டும் அதே போன்ற சோதனை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கற்ற அளவு. அத்துடன் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாத்திகள். ஒன்றில் ஊர் வழக்கப்படி, மற்றொன்றில் குழுவின் முடிவுப்படி. அறுவடையில் இரண்டின் செலவையும் வரவையும் ஒப்பிட்டார்கள்.

1999-க்குள் 10 லட்சத்துக்கும் அதிகமான உழவர்கள் இப்பள்ளிகளில் படித்தார்கள். நம் நாடு உட்பட வேறு பல நாடுகளுக்கும் முறை பரவியது. இங்கேதான் நாம் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி வருகிறது. உலக வங்கியைச் சேர்ந்த பொருளியலாளர்கள் 1991-க்கும் 1999-க்கும் இடையே அதே குடும்பங்களின் நிலையை ஒப்பிட்டு, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். விளைச்சலிலோ மருந்துச் செலவிலோ பள்ளியின் பலன் தெளிவாகத் தெரியவில்லை என்றார்கள். அதே 2004-இல் வெவ்வேறு நாடுகளின் 25 மதிப்பீடுகளைத் திரட்டிய இன்னொரு தொகுப்பு, மருந்தடிப்பு பல இடங்களில் வெகுவாகக் குறைந்ததைக் காட்டியது. 2014-இல் வந்த விரிவான ஆய்வுத் தொகுப்பு ஓரளவு தெளிவு தந்தது. சிறிய அளவில், நன்றாக நடத்திய இடங்களில் பலன் உண்டு. நாடெங்கும் பெருக்கியபோது அது மங்கியது. பள்ளிக்கு வராத அண்டை வயல்காரருக்கு அறிவு தானாகப் போய்ச் சேரவில்லை.

கடைசியாகச் சொன்னதைச் சங்கப் பொறுப்பாளர்கள் அடிக்கோடிட்டுக் கொள்ளலாம். 'நான்கு பேருக்குச் சொல்லிக் கொடுத்தால் பஜார் முழுக்கப் பரவிவிடும்' என்று நாமாகவே நம்பிக்கொண்டிருக்கிறோம். ஒரே வரப்பைப் பங்கிட்டுக்கொண்ட உழவர்களிடையே பரவாதது, ஒரே வாடிக்கையாளருக்குப் போட்டி போடும் இரண்டு மளிகைக் கடைகளுக்கிடையே பரவும் என்று எப்படி எதிர்பார்ப்பது? பத்துத் தெரு இருந்தால் பத்துக் குழு வேண்டும், அதற்குரிய செலவும் வேண்டும். அது முடியாதென்றால் இரண்டு தெருவோடு நிறுத்திக்கொள்வது மேல்.

நம் தொழிலுக்கு இதை எப்படிக் கொண்டுவரலாம்? முதலில் ஒரே ஒரு பொருளை எடுக்க வேண்டும். ஜி.எஸ்.டி., காலாவதி, தராசு முத்திரை, பிளாஸ்டிக் தடை என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டினால் ஒன்றும் தங்காது. சரக்குச் சேதாரத்தையே எடுத்துக்கொள்வோம். வண்டு விழுந்த பருப்பு, சிக்கு வாடை அடித்த எண்ணெய், நாள் கடந்த பிஸ்கட் என்று மாதந்தோறும் எவ்வளவு போகிறது? பெரும்பாலான கடைகளில் இதற்குத் தனிப் பேரேடு இல்லை. கழிவோடு கழிவாகப் போய்விடுகிறது.

ஒரே பஜாரில் 20 அல்லது 25 கடைக்காரர்கள் சேரட்டும். மண்டபம் வேண்டாம். வியாபாரம் ஓய்ந்த பிற்பகலில் வாரம் ஒரு கடை, ஒரு மணி நேரம், மூன்று மாதம். ஐந்தைந்து பேராகக் கிட்டங்கிக்குள் போய் மூட்டைகளைத் தூக்கிப் பார்க்கட்டும். எந்த மூட்டை எந்தத் தேதியில் வந்தது, சுவருக்கும் மூட்டைக்கும் இடைவெளி உண்டா, தரையில் பலகை இருக்கிறதா, விற்பனைக்கு எடுப்பது முன்னே வந்ததையா பின்னே வந்ததையா? பார்த்ததைப் படமாகப் போட்டு, அந்தக் கடைக்காரர் முன்பாகவே பேசட்டும். பாத்திக்குப் பதில் இரண்டு அலமாரி. ஒன்றில் பழைய வழக்கம், மற்றொன்றில் முதலில் வந்தது முதலில் போகும் ஒழுங்கு. எதில் எவ்வளவு கழிந்தது என்று வாரந்தோறும் எழுதினால் போதும்.

'என் நஷ்டத்தை எதிர்க்கடைக்காரருக்கு எதற்குக் காட்ட வேண்டும்?' என்ற தயக்கம் வரும். நியாயமானதே. இதற்கும் அந்தப் பெட்டியே வழி. பெயருக்குப் பதில் தமக்கு மட்டும் தெரிந்த ஒரு அடையாளக் குறி போட்டு, மாதச் சேதாரத் தொகையை மட்டும் எழுதிச் சீட்டைப் போட்டுவிடலாம். தொடங்கும் மாதம், முடியும் மாதம், பிறகு ஓராண்டு கழித்து ஒரு முறை. அந்த மூன்றாவது சீட்டைத்தான் பலர் விட்டுவிடுவார்கள், அதைக் கேட்டு வாங்குவது செயலாளரின் பொறுப்பு. பழக்கம் நிலைத்ததா, பயிற்சி முடிந்ததும் போய்விட்டதா என்பதை அது ஒன்றுதான் காட்டும்.

முதல் நாள் சோதனைக்குப் பொருள் தேடி அலைய வேண்டாம். அவரவர் கடையிலிருந்து சந்தேகமான பொருள் ஒன்றைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள். மேசை நிறைந்துவிடும்.