புதிய வேலையும் புதிய உயிரும்

மணமாகி ஓராண்டும் நிறைவுறாத மகள் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்கிறாள். நியமன ஆணையில் ஆறு மாதம் தகுதிகாண் பருவம் என்று கண்டிருக்கிறது. சேர்ந்த சில வாரங்களிலேயே தான் கருவுற்றிருப்பதை அவள் அறிகிறாள். வீட்டில் மகிழ்ச்சி நிறைகிறது; அம்மகிழ்ச்சியின் ஊடே ஓர் அச்சமும் தலைகாட்டுகிறது. இதனை மேலாளரிடம் எப்போது சொல்வது? இப்போதே சொன்னால் வேலை போய்விடுமோ? சொல்லாதிருந்தால் ஏமாற்றியதாகுமோ? நேர்காணலுக்குச் சென்ற நாளிலேயே தெரிந்திருந்தும் வாய் திறவாதிருந்தவள் பொய்யுரைத்தவள் ஆவாளோ?

நம் பங்குக் குடும்பங்களின் பெண்மக்கள் ஆலையிலும் அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் பள்ளியிலும் பெருந்தொகையாக வேலைபார்க்கும் இந்நாளில், இவ்வினாக்களோடு பங்குக் குருவை நாடி வருவோர் பலர். சிலர் கணவரோடு வருகின்றனர். சிலர் மாமியாரோடு வருகின்றனர். ஒருசிலர் பாவசங்கீர்த்தனத் தொட்டியண்டை மட்டுமே இதைக் கேட்கத் துணிகின்றனர். கருவுற்றிருப்பது குற்றமன்று, எனினும் குற்றவாளியின் குரலில் அவர்கள் கேட்பதுதான் நம்மை வருந்தச் செய்கிறது.

முதற்கண் மனச்சான்றைப் பற்றிய வினாவுக்கு விடை காண்போம். பொய் எக்காரணத்தை முன்னிட்டும் ஆகாது என்று கண்டிப்பாகப் போதித்தவர் புனித அகுஸ்தீனார். அவரே, உண்மையைச் சொல்லாது காத்துக்கொள்வது வேறு, உண்மையல்லாததைச் சொல்வது வேறு என்றும் பிரித்துக் காட்டியுள்ளார். புனித தோமா அக்குவினாரும் இவ்வேறுபாட்டை ஏற்று, விவேகத்தோடு உண்மையை மறைத்துவைத்தல் தகும் என்று எழுதுகிறார். 1992-இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், அறியும் உரிமையில்லாத ஒருவருக்கு உண்மையை வெளியிட எவரும் கடமைப்பட்டவரல்லர் என்றே போதிக்கின்றது. ஆகவே, தன் உடலில் நிகழ்வதைத் தக்க காலம் வரும்வரை ஒரு பெண் தன்னுள் வைத்துக்கொள்வது பொய்யன்று. அவளுக்கு உரியதை அவள் காப்பதேயாம்.

நேர்முகமாகவே கேட்டுவிட்டால் என் செய்வது? "குழந்தை உண்டாகியிருக்கிறதா? எப்போது பெற்றுக்கொள்ள எண்ணம்?" என்று வெட்கமின்றி வினவும் அதிகாரிகள் இன்றும் உண்டு. இல்லையென்று பொய்யுரைக்கும்படி நாம் சொல்லோம். "இந்த வேலையைச் செய்ய என்னால் இயலும், ஐயா. குடும்பக் காரியங்களை இங்கே பேச விரும்பவில்லை" என்று பணிவோடும் உறுதியோடும் மறுமொழி கூறலாம். இம்மறுமொழியையே ஒப்புதலாகக் கொண்டு வேலை மறுக்கும் அதிகாரியும் இருப்பார் என்பது உண்மையே. அவ்வாறு நேர்ந்தால் அந்தத் தவறு கேட்டவரைச் சாரும்.

இது நம் சொந்த எண்ணம் மட்டுமன்று. 1989 செப்டம்பரில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் தகுதிகாண் பருவத்தினராகச் சேர்ந்த ஒரு பெண் டிசம்பரில் மகப்பேற்று விடுப்புக் கேட்டார். 1990 ஜனவரியில் குழந்தை பிறந்தது. பிப்ரவரியில் வேலையினின்று நீக்கப்பட்டார். வேலைக்குச் சேரும்போது நிரப்பிய படிவத்தில், மாதவிலக்குத் தேதியைப் பற்றிய வினாவுக்கு அவர் பொய்யான விடை அளித்தார் என்று கழகம் காரணம் காட்டிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1991 அக்டோபரில் அளித்த தீர்ப்பில் நீதிமன்றம் அப்பெண்ணை மீண்டும் பணியில் அமர்த்தும்படி ஆணையிட்டது. பெண்களைக் கூச வைக்கும் அத்தகைய வினாக்களைப் படிவத்தினின்றே எடுத்துவிடும்படியும் கூறியது. குறை விடையைக் காட்டிலும் வினாவில்தான் மிகுதி என்பதை நீதிபதிகள் கண்டுகொண்டனர். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, 1981-இல், முதல் கருவுற்றதும் விமானப் பணிப்பெண்ணை வேலையினின்று விலக்கலாம் என்றிருந்த விதியை அதே நீதிமன்றம் செல்லாததாக்கியிருந்தது. இத்தனைக்குப் பின்னும், மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கருவைத் தாங்கியவர்களைப் புதிதாக வேலைக்குச் சேர்க்கையில் 'தற்காலிகமாகத் தகுதியற்றவர்' எனக் கொள்ளலாம் என்று பாரத ஸ்டேட் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்புக் கிளம்பவே 2022 ஜனவரி மாதக் கடைசியில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பெரிய நிறுவனங்களே இவ்வாறிருப்பின், நம் ஊர் ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணின் நிலை யாது?

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் காண்போம். 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று உதவிச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டது. அதன் விதிகள் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. இத்தனையாம் மாதத்தில் முதலாளியிடம் சொல்லியாக வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. விடுப்பு வேண்டும்போது எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்றே சொல்லப்பட்டிருக்கிறது. பேறுகாலத்துக்கு முன் அறிவிக்க இயலாதவர் குழந்தை பிறந்தபின் விரைவில் அறிவிக்கலாம் என்றும் இடமளிக்கப்பட்டிருக்கிறது. விடுப்பு 26 வாரம். அதில் 8 வாரம்வரை பேறுகாலத்துக்கு முன்னரே எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே இரு குழந்தைகள் உள்ளவருக்கு 12 வாரம்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் கவனிக்க வேண்டியது 80 நாள் கணக்கு. எதிர்பார்க்கும் பேறுகாலத் தேதிக்கு முந்திய 12 மாதங்களில் அந்த முதலாளியிடம் குறைந்தது 80 நாள் வேலை செய்திருந்தால் சம்பளத்துடன் விடுப்புப் பெற உரிமை உண்டு. சட்டப்படி சம்பளத்துடன் விடும் விடுமுறை நாட்களும் இதில் சேரும். வேலையில் சேர்ந்த பின் கருவுற்றவருக்கு இது எளிதில் நிறைவேறிவிடும். ஏழாம் மாதத்தில் வேலைக்குச் சேர்பவருக்கே கணக்கு இழுபறியாகும்; அத்தகையவர் நாட்காட்டியை எடுத்துவைத்து எண்ணிப் பார்ப்பது நலம். தகுதிகாண் பருவத்தினர், தினக்கூலி பெறுவோர் என்று சொல்லி இவ்வுரிமையை மறுக்கலாகாது. தினக்கூலிப் பெண்களுக்கும் இது உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்தது. ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டாலும் உதவி தொடரும் என்று 2023-இல் மற்றொரு தீர்ப்புக் கூறிற்று.

அப்படியாயின் எப்போதுதான் சொல்வது? பெரும்பாலோருக்குப் பன்னிரண்டாம் வாரம் கடந்தபின், ஐந்தாம் மாதம் நிறைவதற்குள் சொல்வது ஏற்றது என்பது நம் கருத்து. கருச்சிதைவுகளில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே நேர்கின்றன. ஊரெல்லாம் அறிந்தபின் அத்துயரம் நேர்ந்தால், ஒவ்வொருவருக்கும் அதை மீண்டும் மீண்டும் சொல்லும் வேதனையும் கூடச் சேரும். மூன்று மாதம்வரை வெளியே சொல்லாதே என்று நம் பாட்டிமார் கூறியதற்குக் கண்ணேறு ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. கண்ணேற்றை நாம் ஏற்பதில்லை. ஆயினும் பாட்டிமாரின் அனுபவ அறிவைத் தள்ளிவிடுவதற்கில்லை. கருச்சிதைவு நேர்ந்தாலும் 6 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு என்பதைப் பலர் அறியார். மருத்துவச் சான்று காட்டி அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

இதற்கு விலக்கானவர்களும் உண்டு. எக்ஸ்ரே அறையில் பணிபுரிவோர், புற்றுநோய் மருந்துகளைக் கலந்து ஏற்றும் செவிலியர், அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் மயக்க வாயுக்களுக்கு அருகில் நிற்போர், சாயத்தோடும் இரசாயனத்தோடும் பழகும் தொழிலாளர் ஆகியோர் ஒருநாளும் தாமதிக்கலாகாது. குழந்தையின் உறுப்புகள் உருவாவது முதல் இரண்டு மாதங்களிலேயே. மூன்று மாதம் காத்திருந்தால் காக்க வேண்டிய காலம் கடந்துவிடும். ஓயாத வாந்தியால் அடிக்கடி விடுப்பு எடுக்க நேரிடுகிறவரும் சொல்லிவிடுவதே நல்லது. காரணம் தெரியாத மேலாளர் அதைச் சோம்பலென்று எண்ணி, தகுதிகாண் குறிப்பில் அவ்வாறே எழுதிவிடுவார். நாள் முழுவதும் நின்று வேலை செய்வோர், பேறுகாலத்துக்கு முந்திய 6 வாரங்களுக்கும் முன்னதான ஒரு மாதத்தில், நெடுநேரம் நிற்கும் வேலையோ கடினமான வேலையோ தரக்கூடாதெனக் கேட்கலாம். தமிழகக் கடைகளில் ஊழியருக்கு இருக்கை தரவேண்டும் என்பது 2021 முதல் சட்டமே. கருவுற்றவள் நாற்காலி கேட்பது சலுகையன்று.

சொல்லும் முறையும் முக்கியம். முதலில் நேரடி மேலதிகாரிக்கே தெரிவிக்க வேண்டும். தோழியரிடம் இரகசியமாய்ச் சொல்லி, அது அலுவலகத்தைச் சுற்றிவந்து மேலாளர் காதில் விழுவது நன்றன்று. வளைகாப்புப் படத்தை வாட்ஸப்பில் பார்த்துத்தான் முதலாளி தெரிந்துகொண்டார் என்னும் நிலை வரலாகாது. நேரில் சொன்ன அன்றே கடிதமும் கொடுத்துவிட வேண்டும். பேறுகாலத் தேதி, விடுப்புத் தொடங்க எண்ணும் நாள், தன் வேலையை யாரிடம் எவ்வாறு ஒப்படைத்துச் செல்வாள் என்பவை அதில் இருக்கட்டும். மருத்துவச் சான்றும் உடன் இருக்கட்டும். மன்னிப்புக் கேட்கும் சொற்கள் மட்டும் வேண்டா. படியில் தேதியிட்ட கையொப்பம் பெற்று வீட்டில் பத்திரப்படுத்த வேண்டும். பின்னர் கருவைக் காரணமாக்கி வேலைநீக்க ஆணை வந்தால், 60 நாட்களுக்குள் தொழிலாளர் துறையிடம் முறையிடலாம். அப்போது இந்தப் படி பேருதவியாகும்.

ஒரு வருத்தமான செய்தியையும் சொல்லியாக வேண்டும். "வேலை நிலைக்கட்டும், இந்தக் குழந்தை இப்போது வேண்டாம்" என்று கணவனோ மாமியாரோ வற்புறுத்த, அழுதுகொண்டே வரும் பெண்களும் உளர். அவ்வீட்டாரிடம் நாம் கேட்பது இதுவே: கருவுற்றவளை வேலையினின்று நீக்கலாகாதென்று அரசின் சட்டமே காவல் நிற்கையில், சொந்த வீட்டார் அவளையும் அவள் பிள்ளையையும் கைவிடலாமா? வேலை போனால் வேறு வேலை தேடலாம். தேட நாமும் உடன் வருவோம்.

முதலாளிகளாக இருக்கும் நம் பங்கு மக்களுக்கும் ஒரு சொல். சிறு தொழில் நடத்துவோரின் தயக்கம் நமக்குப் புரியாமலில்லை. 26 வாரச் சம்பளத்தையும் கொடுத்து, மாற்று ஆளுக்கும் கூலி கொடுப்பது எளிதன்று. ஆனால் ஊழியரை ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் முறையாகச் சேர்த்திருந்தால், உரிய பங்குத் தொகை செலுத்தப்பட்டிருக்கையில், மகப்பேற்றுக்கால உதவியை அந்தக் கழகமே வழங்கும். சில ரூபாய் மிச்சம் பிடிக்க ஆட்களைக் கணக்கில் காட்டாதவர்களே பின்னர் கருவுற்றவளைப் பாரமென்று எண்ணுகின்றனர். திருச்சபையின் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நடத்துவோர் சட்டம் தம்மைக் கட்டாயப்படுத்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருத்தல் தகாது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், பெண் தன் தாய்மையை விலையாகக் கொடுத்து முன்னேற வேண்டிய நிலை இராதவாறு வேலை அமைய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஞாயிறன்று பீடத்தில் தாய்மையைப் போற்றிவிட்டுத் திங்களன்று ஆசிரியையிடம் இராஜிநாமாக் கடிதம் கேட்கும் தாளாளர், அம்மடலை எடுத்துப் படிப்பாராக.

கணவர்மாரும் தம் அலுவலகத்தில் காலத்தோடு சொல்லிவைத்தல் வேண்டும். மத்திய அரசு ஊழியருக்குத் தந்தையர் விடுப்பு 15 நாள் உண்டு. தனியார் துறையில் இதைக் கட்டாயமாக்கும் சட்டம் இல்லை. நிறுவனத்தின் மனத்தைப் பொறுத்ததே. ஆகையால் இப்போதிருந்தே ஈட்டிய விடுப்பைச் செலவிடாது சேர்த்துவைத்தால், மனைவி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் வாரத்தில் உடனிருக்கலாம்.