கால்வாய் மறைந்தது, அணை நின்றது

நியூயார்க் மாநிலத்தில் ஈரீ கால்வாய் 1825ஆம் ஆண்டில் திறக்கப்பட்டதும், மேற்கு நாட்டு வாணிகம் முழுவதும் அவ்வழியே சென்றுவிடுமோ என்ற அச்சம் அண்டை மாநிலமாகிய பென்சில்வேனியாவைப் பற்றியது. மறு ஆண்டே அம்மாநிலம் பிலடெல்பியாவிலிருந்து பிட்ஸ்பர்க் வரை நீர்வழி அமைக்கத் தொடங்கிற்று. ஆனால் இடையே அலிகெனி மலைத்தொடர் குறுக்கிட்டது. கிழக்கு அடிவாரத்திலிருந்து ஏறவேண்டிய உயரம் சுமார் 1,400 அடி. அவ்வளவு உயரத்திற்குக் கால்வாயைக் கொண்டுசெல்லுதல் இயலாதாகையால், மலைமீது 36 மைல் நீளத்திற்குத் தண்டவாளம் இட்டு, பக்கத்திற்கு ஐந்தாகப் பத்துச் சாய்தளங்கள் அமைத்தனர். அவற்றின் உச்சியில் நிறுவப்பட்ட நீராவி எஞ்சின்கள் வண்டிகளை வடத்தால் இழுத்தன. பகுதி பகுதியாகக் கழற்றக்கூடிய படகுகளும் வண்டிமீதேறி மலையைக் கடந்தன! 1834இல் வழி முழுவதும் திறக்கப்பட்டது. சணல் வடங்கள் தேய்ந்து அறுந்தமையால் ஜான் ரோப்ளிங் என்னும் பொறியாளர் 1840களில் கம்பி வடங்களைப் புகுத்தினார். புரூக்ளின் தொங்குபாலத்திற்குப் பின்னாளில் திட்டம் வகுத்தவர் இவரே.

மலைக்கு மேற்கே ஜான்ஸ்டவுனிலிருந்து பிட்ஸ்பர்க் வரை சென்ற கால்வாய்க்குக் கோடையில் நீர் போதவில்லை. ஆகவே ஜான்ஸ்டவுனுக்கு 14 மைல் மேலே, சவுத் போர்க் என்னுமிடத்தில் 72 அடி உயரமும் 931 அடி நீளமும் உள்ள மண்ணணை ஒன்று எழுப்பப்பட்டது. பணமின்றி இடையில் நின்றுபோன அவ்வேலை 1853இல்தான் முடிந்தது. அணையின் அடியில் நீரை வெளிவிட ஐந்து வார்ப்பிரும்புக் குழாய்கள் இருந்தன. வெள்ளம் வழியக் கலிங்கும் உண்டு.

ஆனால் காலம் கடந்துவிட்டது. 1854இல் பென்சில்வேனியா ரெயில்வே கம்பெனி தன் சொந்தப் பாதையிலேயே மலையைக் கடந்தது. படகு வழியில் நான்கைந்து நாள் பிடித்த பயணம் ஒரு நாளுக்குள் அடங்கிற்று. 1857இல் அக்கம்பெனியே 75 லட்சம் டாலருக்குக் கால்வாய் முதலிய அனைத்தையும் வாங்கியது. அதற்கு வேண்டியது ரெயில் தடத்திற்குரிய வழியேயன்றி நீரன்று. அணையைக் கவனிப்பாரில்லை. 1862இல் அடிக்கால்வழி இடிந்து கரையில் உடைப்பு ஏற்பட்டது. நீர் குறைவாக இருந்தமையால் பெருஞ்சேதமில்லை.

பின்னர் வந்த உரிமையாளர் ஒருவர் குழாய்களைப் பெயர்த்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார். அவருக்குப்பின் 1879இல் பிட்ஸ்பர்க் செல்வர்களின் மீன்பிடி சங்கம் அதனை வாங்கி, உடைப்பை அடைத்து, மீண்டும் ஏரியாக்கிற்று. குழாய்களை மட்டும் திரும்ப வைக்கவில்லை. வண்டி செல்வதற்காகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினர். மீன் தப்பாதிருக்கக் கலிங்கில் கம்பித் தட்டிகள் பொருத்தினர். இனி நீரை இறக்கிப் பழுது பார்க்க வழியேயில்லை என்பதைக் கள ஊழியர் உடனே உணர்வர்.

1889 மே 31ஆம் நாள் பெருமழையில் ஏரி நிரம்பிற்று. தட்டிகளில் செத்தை அடைத்துக்கொள்ள, நீர் கரைமேல் வழிந்தது. மண்ணணைக்கு இதனினும் கேடு வேறில்லை. பிற்பகல் மூன்று மணிக்குப் பின் அணை உடைந்தது. ஒரு மணி நேரத்திற்குள் வெள்ளம் ஜான்ஸ்டவுனை அடைந்தது. மாண்டோர் 2,209 பேர்.

மாற்றங்கள் செய்யாதிருந்தாலும் அணை உடைந்தே இருக்கும் என்று 1891இல் வெளியான பொறியாளர் குழுவின் அறிக்கை கூறிற்று. அண்மைக் கணக்கீடுகள் இதனை மறுக்கின்றன. முதலில் அமைந்தவாறே உயரமும் குழாய்களும் இருந்திருப்பின் நீர் கரைமேல் ஏறியிராது என்பது அவற்றின் முடிவு. கரையின் இரு முனைகளும் இன்றும் நிற்கின்றன. நடுவே ஆறு பழையபடி ஓடுகின்றது.