பெண்களின் இதய நோயும் பரம்பரையும்: உம்மாவின் பக்கத்தையும் விசாரிப்போம்

டொக்டரிடம் போனால் அவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "குடும்பத்தில் யாருக்காவது ஹார்ட் வருத்தம் இருக்கிறதா?" என்பதாகும். நம்மில் பலர் உடனே வாப்பாவையும் சாச்சாவையும் நானாவையும் நினைத்துப் பார்த்துப் பதில் சொல்கிறோம். உம்மாவுக்கோ உம்மம்மாவுக்கோ சாச்சிக்கோ என்ன நடந்தது என்பது பெரும்பாலும் ஞாபகத்துக்கு வருவதில்லை. "பிரஷர் இருந்தது, ஒரு நாள் திடீரென்று மௌத்தாகிவிட்டார்" என்பதோடு அவர்களுடைய கதை முடிந்துவிடுகிறது. அந்தத் திடீர் மௌத்துக்குக் காரணம் மாரடைப்பாக இருந்திருக்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை.

உலகில் மரணிக்கும் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இதயம் மற்றும் இரத்தக் குழாய்கள் சார்ந்த நோய்களினாலேயே மரணிக்கிறார். மார்பகப் புற்றுநோய் பற்றி நமது பெண்களிடம் ஓரளவு விழிப்புணர்வு வந்திருக்கிறது. அது மிகவும் நல்ல விடயம். ஆனால் அதைவிடப் பல மடங்கு பெண்களின் உயிரைப் பறிக்கும் இதய நோயை, இன்னும் ஆண்களின் வருத்தமாகவே நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஆண்களை வைத்து நடந்த ஆய்வுகள்

இந்தத் தவறான பார்வை சாதாரண மக்களிடம் மட்டும் இருந்த ஒன்றல்ல. மருத்துவ உலகமும் நீண்ட காலம் இப்படித்தான் நினைத்தது. 1980களில் அமெரிக்காவில் அஸ்பிரின் மாத்திரை மாரடைப்பைத் தடுக்குமா என்று அறிய 22,071 டொக்டர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. அவர்கள் அனைவரும் ஆண்கள். அஸ்பிரின் எடுத்தவர்களில் மாரடைப்பு 44 வீதம் குறைந்ததாக 1989இல் முடிவு வெளியானது.

பின்னர் 45 வயதைக் கடந்த ஏறத்தாழ 40,000 பெண்களிடம் பத்து வருடங்கள் இதே கேள்வி ஆராயப்பட்டது. 2005இல் முடிவு வந்தபோது, மொத்தமாகப் பார்த்தால் பெண்களின் முதல் மாரடைப்பை அஸ்பிரின் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை என்பது தெரிந்தது. பக்கவாதம் 17 வீதம் குறைந்திருந்தது. 65 வயதைத் தாண்டிய பெண்களில் மட்டுமே மாரடைப்பும் குறைந்திருந்தது. ஆணுடைய உடலில் கண்ட முடிவை அப்படியே பெண்ணுக்கும் பொருத்த முடியாது என்பதற்கு இது தெளிவான சான்று. (இதை வாசித்துவிட்டு, டொக்டர் எழுதிக் கொடுத்த அஸ்பிரினை யாரும் தாமாக நிறுத்திவிட வேண்டாம். ஏற்கனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு அது ஆண், பெண் இருபாலாருக்கும் பயன்தரும் மருந்து.)

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் முதல் பெண் பணிப்பாளரும் இதய நோய் நிபுணருமான பெர்னடின் ஹீலி 1991இல் இது பற்றி எழுதினார். தனது நோய் ஆணின் நோயைப் போன்றதுதான் என்று நிரூபித்தால்தான் ஒரு பெண்ணுக்குச் சமமான சிகிச்சை கிடைக்கிறது என்பது அவரது குற்றச்சாட்டு. 1993இல் அந்நாட்டில் மருத்துவ ஆய்வுகளில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

"கேஸ்" என்று ஒதுக்கப்படும் வலி

மாரடைப்பு வரும்போது பெண்களுக்கும் நெஞ்சு வலி அல்லது நெஞ்சு இறுக்கம்தான் அதிகம் வருகிறது. ஆனால் அதனுடன் மூச்சு வாங்குதல், குமட்டல், தாடை, முதுகு, தோள்பட்டை ஆகியவற்றில் நோவு, காரணமில்லாத கடும் களைப்பு என்பனவும் ஆண்களைவிடப் பெண்களில் கூடுதலாகக் காணப்படுகின்றன. நமது வீடுகளில் இதற்கு "கேஸ்" என்று பெயர் வைத்து, இஞ்சிப் பிளேன்டி குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறோம். இதயத் தசைக்கு இரத்தம் போகாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் இழப்புத்தான். இப்படியான அறிகுறிகள் திடீரென வந்தால் வீட்டு ஆண்கள் வரும் வரை காத்திருக்காமல் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழைக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 1996இல் அமெரிக்காவில் ஆரம்பித்த ஓர் ஆய்வு, நெஞ்சு வலியோடு வந்த பெண்களைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தது. அவர்களில் பலருக்கு அஞ்சியோகிராமில் பெரிய குழாய்களில் அடைப்பு எதுவும் இருக்கவில்லை. முன்னர் இப்படிப்பட்டவர்களுக்கு "ஒன்றுமில்லை, மனக் கவலைதான்" என்று சொல்லி அனுப்புவது வழமை. ஆனால் அவர்களில் கணிசமானோருக்கு இதயத்தின் மிகச் சிறிய இரத்தக் குழாய்கள் சரியாக இயங்கவில்லை என்பதும், பிற்காலத்தில் அவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதும் தெரியவந்தது.

கர்ப்ப காலம் தரும் எச்சரிக்கை

பெண்ணின் இதயத்தைப் பற்றிய முன்னறிவிப்பு கர்ப்ப காலத்திலேயே கிடைத்துவிடுகிறது. அக்காலத்தில் பிரஷர் கூடி, சிறுநீரில் புரதம் வெளியேறும் நிலைக்கு ஆளான தாய்மாருக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு. கர்ப்ப காலத்தில் சீனி வருத்தம் வந்தவர்களுக்கும் ஆபத்து அதிகம். வழமையான வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுவிடுவதும் கவனிக்க வேண்டிய ஒன்று. மேலும் நீரிழிவு, ஆணைவிடப் பெண்ணின் இதயத்தையே கூடுதலாகப் பாதிக்கிறது.

குழந்தை பிறந்ததும் பிரஷர் இறங்கிவிட்டது என்று நிம்மதியடைந்து தாயின் கிளினிக் கார்டை மறந்துவிடுகிறோம். அதைப் பத்திரப்படுத்தி, பத்து வருடங்கள் கழித்தும் டொக்டரிடம் காட்டலாம்.

பரம்பரை என்ன செய்கிறது?

சில குடும்பங்களில் கொலஸ்ட்ரோல் பிறப்பிலிருந்தே மிக அதிகமாக இருக்கும். இரத்தத்திலுள்ள கெட்ட கொலஸ்ட்ரோலை ஈரல் உள்ளிழுத்து அகற்றுவதற்கு உதவும் மரபணுவில் உள்ள குறைபாடே பெரும்பாலும் இதற்குக் காரணம். இதைக் கண்டறிந்த மைக்கல் பிரவுண், ஜோசப் கோல்ட்ஸ்டீன் ஆகிய இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவர் இக்குறைபாட்டுடன் பிறக்கிறார். உம்மாவிடம் இருந்தாலும் வாப்பாவிடம் இருந்தாலும், மகனாக இருந்தாலும் மகளாக இருந்தாலும், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கடத்தப்படும் வாய்ப்பு 50 வீதம்.

பெற்றோர் இருவரிடமும் இக்குறைபாடு இருந்தால், அதை இரு பக்கத்திலிருந்தும் பெறும் பிள்ளைக்குச் சிறு வயதிலேயே மாரடைப்பு வரலாம். மாமா, மாமி பிள்ளைகளுக்குள் திருமணம் செய்யும் குடும்பங்களில் இந்த வாய்ப்பு கூடுகிறது. சொந்தத்துக்குள் திருமணம் பேசும்போது இரு வீட்டாரும் கொலஸ்ட்ரோலைப் பரிசோதித்துக்கொள்வது யாருக்கும் அவமானமல்ல. எல்.டி.எல் அளவு 190ஐத் தாண்டுவது, கண் இமையோரம் மஞ்சள் படிவு, குதிகால் நரம்பில் தடிப்பு என்பன இந்நோயின் அடையாளங்களாக இருக்கலாம். இதற்கு நல்ல மருந்துகள் உண்டு. கர்ப்பம் தரிக்க எண்ணும் பெண்கள் மட்டும் அம்மருந்துகள் பற்றி டொக்டரிடம் முன்கூட்டியே பேச வேண்டும்.

இளம் பெண்களுக்கு வரும் மாரடைப்புகளில் ஒரு வகை, கொழுப்பு அடைப்பினால் வருவதல்ல. இதயக் குழாயின் உட்சுவர் தானாகவே கிழிந்து இரத்தம் தடைப்படுவதால் அது ஏற்படுகிறது. இதற்கு ஆளாவோரில் மிகப் பெரும்பான்மையினர் பெண்கள். சிலருக்குப் பிரசவத்தை அண்டிய நாட்களிலேயே வருகிறது. இந்நோயோடு தொடர்புடைய ஒரு மரபணு வேறுபாடு 2019இல் இனங்காணப்பட்டது. பெண்களின் நோயைத் தனியாக ஆராயத் தொடங்கியதால் கிடைத்த பலன் இது.

பரம்பரை இறுதித் தீர்ப்பல்ல

குடும்பத்தில் இருந்தால் வந்தே தீரும் என்று மனம் தளர வேண்டியதில்லை. ஏறத்தாழ 55,000 பேரின் தரவுகளைக் கொண்ட ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. அதில் ஒரு பெரும் பகுதியினர் பெண்கள். மரபணு ரீதியாக ஆபத்து அதிகமுள்ளவர்களிலும், புகைக்காமை, அதிக உடற்பருமன் இல்லாமை, ஒழுங்கான உடற்பயிற்சி, நல்ல உணவு ஆகிய நான்கில் மூன்றையாவது கடைப்பிடித்தவர்களுக்கு, அப்படி வாழாதவர்களைவிட இதய நோய் ஏறத்தாழ பாதியளவுக்குக் குறைந்திருந்தது. இலங்கை உட்பட 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்னோர் ஆய்வு, பெண்களுக்கு வரும் மாரடைப்பு ஆபத்தில் 94 வீதத்தை, மாற்றக்கூடிய அல்லது கட்டுப்படுத்தக்கூடிய ஒன்பது காரணிகளால் விளக்கலாம் என்று காட்டியது. அதே ஆய்வில், தெற்காசியர்களுக்கு மற்றவர்களைவிட ஐந்தாறு வருடங்கள் முன்னதாகவே மாரடைப்பு வருவதும் தெரியவந்தது.

எனவே, முதல் வேலையாகக் குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில், என்ன வருத்தம் வந்தது என்று ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொள்வோம். வாப்பா அல்லது சகோதரனுக்கு 55 வயதுக்கு முன்பும், உம்மா அல்லது சகோதரிக்கு 65 வயதுக்கு முன்பும் இதய நோய் வந்திருந்தால் அது எச்சரிக்கை. கிழக்கில் உம்மாவும் அவருடைய சகோதரிகளும் ஒரே ஒழுங்கையில் குடியிருக்கும் ஊர்கள் பல. அங்கு ஒரு பின்னேரத்திலேயே இந்த விபரங்களைத் திரட்டிவிடலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் பெண்களுக்காக நடக்கும் கிளினிக்கில் பிரஷரையும் சீனியையும் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வேலை சமூகத்துக்குரியது. நடக்கச் சொல்லி டொக்டர் அறிவுறுத்தும் பெண், எங்கே போய் நடப்பது? நமது ஊர்களில் மைதானமும் கடற்கரையும் பெரும்பாலும் ஆண்களின் கையில்தான் இருக்கின்றன. காலையிலோ மாலையிலோ ஒரு மணி நேரத்தைப் பெண்களுக்கென ஒதுக்குவது பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் பிரதேச சபைகளுக்கும் செலவில்லாத காரியம். குடும்பத்தின் சாப்பாட்டையும் மருந்தையும் கிளினிக் திகதியையும் நினைவில் வைத்திருப்பவர் உம்மாதான். அவருடைய கிளினிக் திகதியை நினைவில் வைத்திருப்பது பிள்ளைகளின் பொறுப்பு.